ஏறினவன் இறங்க மாட்டானா?

தாஸ்மேனியா மாநிலம், ஹோபார்ட் காவல் நிலையத்தில், கான்ஸ்டபிள் வாரிக் டன்பாபின் முன்னிலையில் சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: நோலீன் கேட்ஹவுஸ். வயது: அறுபத்து மூன்று. முகவரி: மேற்கு ஹோபார்ட், ஹெதர்லி தெரு, கீழ்க்கோடி வீடு. தொழில்: பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தருகிறேன். சொல்லப்போனால், வீட்டில் போய் ஓய்வெடுங்கள் என்று வற்புறுத்தியவர்கள்தான் அதிகம். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்றும், 'சாட்சி ஆத்திரமடைந்த நிலையில் காணப்பட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது என்றும் கான்ஸ்டபிளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆத்திரம் இருக்கிறது. அது யார் மேல் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஹெதர்லி தெருவின் கீழ்க்கோடியில், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, காலையும் பிற்பகலும் கம்பில் செருகிய வட்டமான 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பலகையின் உருவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் என்னை லாலிபாப் என்பார்கள். தெரு எவ்வளவு செங்குத்து என்று இந்த நிலையத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். உறைபனி விழுந்த காலைகளில் உங்கள் ரோந்துக் கார்களே மேலே ஏறாமல் சுற்றுவழியில் போவதை நான் பார்த்திருக்கிறேன். மேல்கோடியில் ஒருவர் கை தவறி ஆரஞ்சுப் பழத்தைக் கீழே போட்டால் அது என் காலடிக்குத்தான் வரும். பழத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நான்தான் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

அப்பெனிசா நைவாலுவை எனக்குச் சென்ற கோடையிலிருந்து தெரியும். பிஜிக்காரன். வேலை விசாவில் வந்து, எங்கள் தெருவைத் தாண்டியுள்ள முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிற வேலை பார்க்கிறான். கதவை அடைக்கிற உடம்பு. தெருவின் மேல்கோடியில், கடைசி வீட்டில், தன் ஊர்க்காரர்களோடு வாடகைக்கு இருக்கிறான். என்னை முதல் நாளே 'அம்மா' என்று கூப்பிட்டான். நான் உன்னைப் பெறவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை.

அவன் முதலில் வைத்திருந்தது கடையில் வாங்கியபடியே இருந்த மின்சார ஸ்கூட்டர். நின்றுகொண்டே ஓட்டுகிற வகை. முன்சக்கரத்துக்குள் சின்ன மோட்டார், பின்சக்கரத்துக்குள் டிரம் பிரேக். ஒரு கைப்பிடியை அழுத்தினால் மோட்டார் வேகத்தைக் குறைக்கும், மற்றதை அழுத்தினால் டிரம் பிரேக் பிடிக்கும். இறங்கும்போது அதில் ஒரு குறையும் இல்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. ஏறும்போதுதான் வம்பு. பாதித் தெருவில் மோட்டார் முனகி, சூடேறி, கருகல் வாடை அடித்து நின்றுவிடும், அதன் பிறகு அவன் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு போவான். நான் சும்மா இருப்பேனா?

"யாரு யாரத் தூக்கிட்டுப் போறீங்கடா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு என் முறைம்மா. நாளைக்கு அதோட முறை" என்றான்.

அதன் பிறகு அவன் துறைமுகத்துப் பக்கம் ஸ்கூட்டர் கடை வைத்திருக்கும் கோரி பிளைத் என்பவனிடம் போனான். இந்தச் சின்ன மோட்டார் உன் எடைக்கும் அந்த ஏற்றத்துக்கும் தாங்காது, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் ஒரு நாள் எரிந்துபோகும், பெரிய மோட்டார் போட்டுக்கொள் என்று கோரி சொன்னான். அதில் பொய் இல்லை. கூடவே வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். சட்டப்படி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எனக்கு வேகம் வேண்டாம், மலை ஏறினால் போதும் என்று அப்பெனிசா சொல்லியிருக்கிறான். இதைக் கோரியே பின்னால் தன் கடையில் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான், அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை அவன் பார்த்ததே இல்லையாம். பைத்தியக்கார வேகத்தில் போவதற்காக வண்டியை மாற்றினான் என்று உங்கள் கோப்பில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. அதை அடித்துவிடுங்கள்.

கோரி என்ன செய்தான் என்றால், பின்சக்கரத்தை டிரம் பிரேக்கோடு முழுசாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெரிய மோட்டார் உள்ள சக்கரத்தை மாட்டினான். பெரிய மோட்டாரே சக்கரத்தை அடைத்துக்கொண்டதால் டிரம் பிரேக்குக்கு உள்ளே இடம் இல்லை. அதன் கம்பியை வெட்டி, பிளாஸ்டிக் பட்டியால் கட்டிவிட்டான். கைப்பிடி மட்டும் அழகுக்கு அப்படியே தொங்கியது. அப்பெனிசா கேட்டதற்கு, "இனிமே மோட்டாரே பிரேக்குதான் மச்சி, தேய்மானமே கிடையாது" என்றானாம். இவனும் நம்பினான். மாட்டிக் கொடுத்தவனுக்கு நன்றியாக அடுத்த வாரம் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் போட்ட கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தான். 

பெரிய மோட்டார் மாட்டிய அன்று பிற்பகல் அவன் என்னைக் கடந்து ஏறினான். முனகல் இல்லை, கருகல் வாடை இல்லை, ஊர்வலத்தில் ராஜா போவது போல நிமிர்ந்து நின்றுகொண்டு போனான். நான் பலகையை உயர்த்தி ஆட்டினேன். மறுநாள் காலை பள்ளி நேரத்தில் கீழே வந்தபோது என் பலகையைப் பார்த்தும் நிற்காமல், இடது பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டு, பிள்ளைகள் சாலை கடக்கும் வரிக்கோட்டில் கால் வைப்பதற்குச் சற்று முன் என்னைக் கடந்து போனான். நான் கத்திய கத்தலில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வெளியே வந்துவிட்டார்.

அன்று பிற்பகல் ஏறி வரும்போது, வரிக்கோட்டில் ஒரு பிள்ளையும் இல்லாத நேரத்தில், என் எதிரே அழகாக நிறுத்தி, தன் ஊர் வணக்கமாக "புலா, அம்மா" என்றான்.

"காலைல பிசாசு, சாயங்காலம் பாதிரியாரா நீ?" என்றேன். "இப்ப நிக்கத் தெரியுதுல்ல? காலைல மட்டும் என்னடா கேடு?"

"காலைல இது என் பேச்சக் கேக்க மாட்டேங்குதும்மா. அமுக்கினா ஒரு நொடி பிடிக்குது, அப்புறம் விட்டுடுது."

"வண்டிக்கு காலைல ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தியா? யார்கிட்ட காது குத்துற?"

அவன் தலையைக் குனிந்து நின்றான். அவர்கள் ஊர் வழக்கம் அது, வயதில் பெரியவர்கள் திட்டினால் அப்படி நின்றுகொள்வது. எனக்கு அது திமிராகத் தெரிந்தது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் அவன் மேல் புகார் கொடுத்தேன். அந்தப் புகார் உங்களிடம் இருக்கிறது. அதில் உள்ளது முழுக்க நான் கண்ணால் பார்த்தது. அது எதனால் நடந்தது என்று அதில் நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது. நீங்கள்தான் 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டீர்கள்.

நான் திட்டிய பிறகு அவன் வண்டியைக் கோரியிடம் கொண்டுபோனான். இது அவனோடு தங்கியிருப்பவர்கள் பின்னால் சொல்லி எனக்குத் தெரிந்தது. கோரி துறைமுகத்துச் சமதரையில் இப்படியும் அப்படியும் ஓட்டிவிட்டு, கைப்பிடியை அழுத்தி, டக்கென்று நிறுத்திக் காட்டி, "பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல, நீதான் உருளைக்கிழங்கக் கொறைக்கணும்" என்று அனுப்பிவிட்டான். அதன் பிறகு சில நாட்கள் அப்பெனிசா காலையில் வண்டியில் ஏறாமல் கையால் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினான். நான் அதைப் பார்த்து, திருந்திவிட்டான் என்று நினைத்தேன். இல்லத்தில் தாமதமாக வருகிறாய் என்று மேற்பார்வையாளர் சத்தம் போட்டதும் மறுபடி கோரியிடம் போனான். கோரி எதையோ திருகிவிட்டு, அதே சமதரையில் அதே மாதிரி ஓட்டி நிறுத்திக் காட்டி, இப்போது சரியாகிவிட்டது என்றான். அப்பெனிசா அதில் ஏறி மலைமேல் வீட்டுக்குப் போய், கோரி சொல்லிக்கொடுத்தபடி, பச்சை விளக்கு எரியும் வரை பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தான். பாதிச் சார்ஜில் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வாய், எப்போதும் நிரப்பியே வை என்பது கோரியின் புத்திமதி. அதற்கு மறுநாள்தான் சம்பவ நாள்.

சம்பவ நாள் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். வீட்டு வாசல்தோறும் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான் பலகையை உயர்த்தி நடுச்சாலைக்குப் போனேன். இமோஜென் என்ற சிறுமியும் அவள் தம்பியும் வரிக்கோட்டில் பாதி தூரம் வந்திருந்தார்கள். அப்போது மேலிருந்து அப்பெனிசா வந்தான். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தான், அதை நான் பார்த்தேன். இடது காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தான். தன் பாஷையில் ஏதோ கத்தினான். நான் பிள்ளைகளின் முன்னால் போய் நின்றேன். எங்களுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கார் நீளமே இருக்கும்போது அவன் உடம்போடு வண்டியை இடப்பக்கம் சாய்த்து, குப்பைத்தொட்டி வரிசையில் கொண்டுபோய் மோதினான். தொட்டிகள் சரிந்தன. அவற்றில் ஒன்று உருண்டு வந்து என்னைத் தள்ளியதில் நான் விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. தம்பியின் தொப்பி மட்டும் கீழே விழுந்தது.

அதன் பிறகு நடந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் உடைந்த பாட்டில்களுக்கும் யாரோ தின்றுவிட்டுப் போட்ட ஆட்டெலும்புக்கும் நடுவில் கிடந்தான். தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. நான் என் கை முறிந்ததுகூடத் தெரியாமல் அவன் தலைமாட்டில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிள்ளைகள் கேட்கக் கூடாத வார்த்தைகள். அவன் "புள்ளைங்க? புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று இமோஜென்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, இதே கான்ஸ்டபிள் டன்பாபின், "நாங்க நிலையத்து வளாகத்துல ஓட்டிப் பாத்துட்டோம்மா, பிரேக் கச்சிதமா பிடிக்குது. ஆள் வேணும்னேதான் நிக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். அபாயகரமாக ஓட்டியது என்று வழக்குப் போட்டால் அவன் விசா போய்விடும், குணமானதும் பிஜிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சொன்னார். நானும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் அப்பெனிசாவின் வீட்டில் தங்கியிருக்கும் பிஜிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வயதில் மூத்தவர் இலைசா என்பவர், அவர் பின்னால் மற்றவர்கள். சுருட்டிய புதுப் பாயும், காகிதத்தில் கட்டிய, அவர்கள் சடங்குகளில் கரைத்துக் குடிக்கிற காவா வேரும் கொண்டுவந்திருந்தார்கள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரித் தரையில், என் கட்டிலுக்குக் கீழே, தலையைக் குனிந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். இலைசா பாயை என் பக்கம் நகர்த்தி வைத்து, எங்கள் பிள்ளையால் உங்களுக்கு அடிபட்டது, எங்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்டார். கான்ஸ்டபிள் உடனே குறிப்பேட்டை எடுத்து, 'குடும்பத்தார் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்' என்று எழுதினார்.

அதை நான் இலைசாவிடமே கேட்டேன். "அவன் தப்பு பண்ணான்னு சொல்றீங்களா?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். "யார் தப்புன்னு பாக்கறது அப்புறம். மொதல்ல அடிபட்டவங்க முன்னாடி வந்து உக்காரணும். எங்க ஊர்ல அப்படித்தான். கல்லு தானா உருண்டு உங்க கால்ல விழுந்தாலும், அது எங்க தோட்டத்துக் கல்லுன்னா நாங்க வருவோம்."

நான் இடது கையால் அந்தப் பாயைத் தொட்டு வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டால் எங்களுக்குள் மனத்தாங்கல் முடிந்தது என்று அர்த்தமாம். ஆகவே எனக்கும் அந்த வீட்டாருக்கும் ஒன்றும் பாக்கி இல்லை. ஒரு மனிதன் மரியாதைக்குத் தரையில் உட்கார்ந்ததைக் குற்ற ஒப்புதல் என்று எழுதியதற்குக் கான்ஸ்டபிள் வெட்கப்பட வேண்டும். இந்த வரியை அவரே தன் கையால் எழுதுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு நான் அப்பெனிசா இருந்த வார்டுக்குப் போனேன். பாயை வாங்கியது வேறு, நாலு வார்த்தை கேட்காமல் விடுவது வேறு. அவன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் உடைமைகளை வைத்திருந்தார்கள். அதில் அவன் பூட்ஸ் இருந்தது. வலது பூட்ஸ் புதிது போல இருந்தது. இடது பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்து, குதிகாலில் ஓட்டை விழுந்து, உள்ளே அட்டையை மடித்து வைத்திருந்தான். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நிற்க விருப்பமில்லாதவன் எதற்காகத் தினமும் காலைத் தேய்க்கிறான்? காலையில் நிற்காதவன் பிற்பகலில் எப்படி நிற்கிறான்? ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே தெரு.

அதன் பிறகு, வீட்டுக்கு அனுப்பியதும், கையில் மாவுக்கட்டோடு பஸ் பிடித்துக் கோரி பிளைத்தின் கடைக்குப் போனேன். அவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னதும், பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, அதே போல மாற்றிய இன்னொரு ஸ்கூட்டரை எடுத்து, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டி, நிறுத்திக் காட்டினான்.

"பாத்தீங்களாம்மா? பிரேக் பளிச்சுனு பிடிக்குது. ஆள்தான் சரியில்ல."

"மொதல்ல ஓட்டின, அப்புறம் நிறுத்தின" என்றேன். "அவன் வீட்டு வாசல்ல ஏறினதும் மொத வேலையே நிறுத்தறதுதான். ஏறின எடத்துலேருந்தே எறக்கம். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, பச்சை வெளக்கு வந்ததும் எடுத்துட்டு எறங்கறான். அதுல என்ன வித்தியாசம்? சொல்லு."

அவன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தான். அதன் பிறகு, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, கரண்டைத் திரும்பப் பேட்டரிக்குள் தள்ளும், அந்த இழுப்பில்தான் வண்டி நிற்கும். பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் அதற்குமேல் உள்ளே போக இடம் இல்லை. பேட்டரி தீப்பிடிக்காமல் இருக்க அதன் காவல் சர்க்கிட் கதவைச் சாத்திவிடும். சாத்தியதும் மோட்டார் கை விட்டுவிடும், சக்கரம் சும்மா சுற்றும். கொஞ்ச தூரம் ஓட்டிச் சார்ஜ் குறைந்துவிட்டால் பழையபடி பிடிக்கும். அதனால்தான் சமதரையில் எப்போது பார்த்தாலும் பிடித்தது, ஏறி வரும் பிற்பகலிலும் பிடித்தது.

"உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

"இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும்மா. மேட்டுல குடியிருக்கறவன் முழுசா நிரப்பக் கூடாது, கொஞ்சம் கொறச்சு வெச்சு எறங்கணும்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"முழுசா நிரப்புன்னு கேக்காமலே சொன்னியே!"

"அது ஏறறதுக்குச் சொன்னதும்மா. அவன் மேட்டுல குடியிருக்கான்னு எனக்கென்ன தெரியும்?"

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "அடப் பாவி, அவன் எதுக்குடா பெரிய மோட்டார் கேட்டு வந்தான்? மேடு ஏறத்தான? ஏறினவன் எறங்க மாட்டானா? அங்கயே கூடு கட்டிக் குடியிருப்பானா?" என்று கேட்டேன். கடையில் நின்ற வாடிக்கையாளர் இருவர் வெளியே போய்விட்டார்கள்.  இரண்டு முறை அப்பெனிசா வண்டியைக் கொண்டுவந்து, காலையில் பிடிக்கவில்லை என்று சொன்னபோது உனக்குத் தெரிந்திருக்கும், சொன்னால் டிரம் பிரேக்கைக் கழற்றியது தப்பு என்று ஆகிவிடும், அதனால் கிழங்கைக் குறை என்று சொல்லி அனுப்பினாய் என்று கோரியின் முகத்துக்கு நேரே சொன்னேன்.  "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

அவன் கடைச் சுவரில் ஆணியில் ஒரு பழைய பின்சக்கரம் தொங்கியது. அதில் 'நைவாலு' என்று பேனாவால் எழுதிய ஒட்டுக் காகிதம் இருந்தது. டிரம் பிரேக் உள்ள சக்கரம். நான் அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு கம்பால் அதைக் கீழே தள்ளி, இடது கையில் தூக்கிக்கொண்டேன். அது கடையின் சாமான் என்று கோரி தடுத்தான். அது அப்பெனிசா காசு கொடுத்து வாங்கிய ஸ்கூட்டரின் சக்கரம், உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் திருடிவிட்டதாக அவன் இங்கே தொலைபேசியில் சொன்னதாக இப்போது கேள்விப்படுகிறேன். திருட்டு என்றால் அதற்கும் ஒரு வழக்குப் போடுங்கள். மேற்படி சக்கரத்தை இந்த வாக்குமூலத்துடன் ஒப்படைக்கிறேன். அந்த டிரம்மின் பிரேக் கட்டை ஒன்றும் தேயவில்லை, விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவன் வண்டியில் இருந்திருந்தால் என் கை முறிந்திருக்காது, அவன் கால் முறிந்திருக்காது.

அதன் பிறகு நேராக இங்கே வந்து, மேற்சொன்னதைக் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். நீங்கள் எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். மூன்று பேர் மாறி மாறி வளாகத்தைச் சுற்றி ஓட்டியதாகவும், நன்றாக இருந்ததாகவும், அதன் பிறகு பிரேக்கைச் சோதித்ததாகவும் சொன்னார். ராட்டினம் சுற்றுகிற மாதிரி சுற்றிச் சார்ஜைக் குறைத்துவிட்டு, பிரேக் பிடிக்கிறது என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். ஒரு கைப்பிடிக்குக் கம்பியே இல்லை, அது வெட்டிக் கட்டியிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அந்தச் சோதனைக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதனை அவன் ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பப் பார்க்கிறீர்கள். பிள்ளைகள் மேல் மோதாமல் தன் எலும்பைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கொடுத்தவனை.

அவன் வேண்டுமென்றே நிற்கவில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். அவனால் நிற்க முடியவில்லை. என் பலகையை அவன் மதிக்காமல் இல்லை. அவனைத் திட்டியதற்கு அவனிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது காவல் நிலையத்து விஷயம் இல்லை. கோரி மாற்றிக் கொடுத்த வண்டிகள் இன்னும் எங்கள் மேட்டுத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் நல்ல பிள்ளைகளாக முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் கீழே வருகிறார்கள். போய் முதலில் அவர்களை நிறுத்துங்கள்.

நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். அந்த ஸ்கூட்டரைப் பச்சை விளக்கு வரும் வரை சார்ஜ் செய்யுங்கள். வளாகத்தில் சுற்றாமல், தூக்கிக்கொண்டு போய் ஹெதர்லி தெருவின் மேல்கோடியில், அப்பெனிசாவின் வீட்டு வாசலில் வையுங்கள். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் எவரோ அவர் அதில் ஏறிக் கீழே வரட்டும். பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் மட்டும் இடது கையில் பலகையைத் தூக்கிக்கொண்டு வரிக்கோட்டில் நிற்கிறேன். கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டு, கட்டாயம் மேல்கோடியிலிருந்துதான் வர வேண்டுமா என்று கேட்டார். அதையும் எழுதச் சொன்னேன்.

இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. எல்லாம் நான் பார்த்தது, கேட்டது, கோரி என் காதுபட ஒப்புக்கொண்டது. பொய் என்றால் என் மேலேயே நடவடிக்கை எடுக்கலாம்.

(ஒப்பம்) நோலீன் கேட்ஹவுஸ்
வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் இட்டது.

பதிந்தவர் குறிப்பு: சாட்சி ஒப்படைத்த டிரம் பிரேக் சக்கரம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. சாட்சி கேட்டுக்கொண்டபடி மேற்படி ஸ்கூட்டர் முழுச் சார்ஜ் செய்யப்பட்டு, ஹெதர்லி தெரு மேல்கோடிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சாட்சி கீழ்க்கோடியில் பலகையுடன் காத்திருந்தார். ஓட்டிக் காட்ட நிலையத்தில் எவரும் முன்வரவில்லை.

(ஒப்பம்) வா. டன்பாபின், கான்ஸ்டபிள்